தாண்டவராயன் கொடுத்த மண்டபம்

ஜூன் 3, செவ்வாய்

இந்த நோட்டில் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று, கிழக்கு நோக்கி உட்கார்ந்து, வெற்றிலைப் பாக்கின் மேல் ஆணையாக உறுதி கூறுகிறேன். நம்பாதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நம்புகிறவர்களைப் பார்த்தால்தான் பாவமாக இருக்கிறது.

நான் கோதண்டபாணி. நாவலம்பாக்கத்தின் ஒரே கவிஞன். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதித்தது வயிற்றுக்காக, கவிதை ஊருக்காக. இந்தப் புறநகரில் கல்யாணம் என்றால் வாழ்த்து மடல், சாவு என்றால் கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இரண்டும் என் கைவண்ணம். அவசரத்தில் ஒருமுறை இரண்டும் இடம் மாறி ஒட்டப்பட்டன. ஊரில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. என் வாசகர்களின் தரம் அப்படி.

எங்கள் நகர மண்டபத்துக்கு இந்த மாதம் நூறு வயது. அழகான பொருளுக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பது வழக்கம். எங்கள் ஊரில் பொட்டை மட்டும் கட்டி வைத்துவிட்டு, அழகை வைக்க மறந்துவிட்டார்கள்.

வெள்ளைக்காரப் பொறியாளர் ஒருவர் வரைபடம் போட்டுக் கொடுத்தார். ஊர்ப் பெரியவர்கள் அதைக் கட்டத் தொடங்கிய லட்சணத்தைப் பார்த்ததும் பர்மாவுக்கு மாற்றல் கேட்டு ஓடினார். அங்கே அவரைப் புலி அடித்தது. புலியின் எதிரே சிரித்துக்கொண்டே நின்றாராம், இதைவிடக் கோரத்தைப் பார்த்துவிட்டேன் என்று.

தூண்கள் பன்னிரண்டு. ஆளுக்கொரு தூண் நன்கொடை. எது யாருடைய தூண் என்று உலகம் உள்ளளவும் தெரியவேண்டுமே! ஆகவே ஒருவர் கிரேக்க பாணியில் வைத்தார். ஒருவர் கோயில் யாளியை நிறுத்தினார். எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தவர் செக்கு உலக்கையையே நட்டதுபோல ஒன்றை நட்டார். உயரமும் அவரவர் கௌரவத்துக்குத் தக்கபடி. கூரை என்ன செய்யும்? பெரிய மனிதர்களிடம் அகப்பட்ட குமாஸ்தாவைப் போல ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக வளைந்து கொடுத்தது.

கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் அப்போது பேச்சுவார்த்தை கிடையாது. இவர்கள் கிழக்கிலிருந்தும் அவர்கள் மேற்கிலிருந்தும் தனித்தனி மேஸ்திரி வைத்துக் கட்டிக்கொண்டே வந்தார்கள். நடுவில் சந்தித்தபோது ஒரு பாதித் தரை மற்றதைவிட ஒரு சாண் உயரம். எந்தத் தெரு இறங்கிப் போவது? யாரும் போகவில்லை. இன்றைக்கும் மண்டபத்தின் நட்டநடுவே ஒரு படி நிற்கிறது. கவர்னர் தொடங்கிக் கதாகாலட்சேபக்காரர் வரை அதில் தடுக்கி விழாதவர் இல்லை. ஒரு நாட்டியக்காரி விழுந்ததைப் புது அடவு என்று நினைத்து ஊரே மறுபடி ஆடச் சொன்னது.

அந்தப் படியின் மேல் வலையைக் கட்டிக் காலையும் மாலையும் பெண்பிள்ளைகளுக்கு ஷட்டில் சொல்லிக்கொடுக்கிறாள் என் அக்கா மகள் மதிவதனி. பள்ளத்தில் நின்று மேட்டுக்கு அடித்துப் பழகிய அந்தப் பிள்ளைகள் வெளியூரில் சமதளத்தில் இறங்கினால் தரையில் கால் வைப்பதே இல்லை. நடுவர் ஏணி வைத்துத்தான் அவர்களைக் கீழே இறக்கவேண்டியிருக்கிறது. மதி மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மட்டையோடும் ஒரு பெட்டியோடும் புருஷன் வீட்டிலிருந்து வந்தவள். ஏன் வந்தாய் என்று நானும் கேட்கவில்லை, அக்கா தனபாக்கியமும் கேட்கவில்லை. மணிக்கட்டில் இருந்த தழும்பைப் பார்த்த பிறகு கேட்க என்ன இருக்கிறது? இந்த வகுப்புதான் அவள் பிழைப்பு. இறகை அடித்துப் பிழைப்பதும் ஒரு பிழைப்பா என்று நான் கேலி செய்வேன். பொய்யை அடித்துப் பிழைப்பதைவிட இது தேவலை என்பாள்.

ஜூன் 4, புதன்

மழை இல்லை. கரண்ட் இல்லை. பருப்பில் உப்பு இல்லை. ஊரில் வெட்கம் இல்லை. மற்றபடி சுகம்.

ஜூன் 6, வெள்ளி

நகராட்சித் தலைவர் ஏகாம்பரம் இன்று என் குடிசைக்கு எழுந்தருளினார். வேட்டி சட்டையின் வெண்மையில் தெரு நாய்களுக்குக் கண் கூசி இரண்டு நாய்கள் கூலிங் கிளாஸ் தேடிப் போயின. பிளாஸ்டிக் நாற்காலி அவரைத் தாங்கியது. அதற்கு ஒரு பொன்னாடை போர்த்தலாம்.

"இன்னா கவி, கண்ணீர் அஞ்சலி பிஸினஸ் எப்டி போவுது?"

"நீங்க நல்லா இருக்கிற வரைக்கும் சுமார்தான், சேர்மன்."

அவருக்கு அது புரியவில்லை. கூட வந்த இரண்டு பேருக்கும் புரிந்து, மேலே ஓடும் ஃபேனைப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். இருபத்திரண்டாம் தேதி நூற்றாண்டு விழா. அமைச்சர் வருகிறார். வாசலில் ஒரு பெரிய கருங்கல் நடவேண்டும். அதில் மண்டபத்தைக் கட்டியது ஏகாம்பரத்தின் தாத்தா தாண்டவராயன் என்று அலங்காரமாக வெட்டவேண்டும். வாசகம் நான் எழுதவேண்டும்.

"உங்க தாத்தாவா கட்டினார்?"

"கட்டலைன்னு எவன் வந்து சொல்லப் போறான்? அந்தக் காலத்து ஆளு எவன் கீறான்?"

தாண்டவராயன் பன்னிரண்டு தூணில் ஒன்றுகூடக் கொடுத்தவரில்லை. மண்டபத்துக்கு மாட்டு வண்டியில் மணல் அடித்தவர். வண்டியின் அடியில் வைக்கோலைப் பரப்பி மேலே மணலைத் தூவி, முழு வண்டிக்குக் கூலி வாங்கியவர். மண்டபத்தில் எங்கேயாவது சுவரில் குடைந்தால் வைக்கோல் வரும் என்பார்கள்.

"கல்லுல ஏறிட்டா ஊரு வாயத் தொறக்காது கவி. தாத்தா கட்னது, அப்ப எங்க சொத்து. விழா முடியட்டும். ஆடி கழிஞ்சதும் இடிச்சிட்டு, ஆவணில பூஜை. அஞ்சு மாடி. தாண்டவராயன் ஷாப்பிங் மால். எஸ்கலேட்டரு வெச்சு!"

சமையலறையில் ஒரு பாத்திரம் விழுந்தது. மதி உள்ளேதான் இருந்தாள்.

"உனக்குப் பொன்னாடை. மைக்குல நீயே படிக்கிற. அமைச்சர் பக்கத்துல சீட்டு."

மைக் என்றால் எனக்கு உயிர் என்று ஊருக்கே தெரியும். சரி என்றேன்.

ஜூன் 7, சனி

மண்டபத்துக் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். விழாவோடு ஷட்டில் வகுப்பு காலி செய்யவேண்டுமாம். மதி அதைக் கிழிக்காமல் பதமாக உரித்தெடுத்து என் இலைக்குப் பக்கத்தில், அப்பளம் வைக்கிற இடத்தில் வைத்தாள்.

"மாமா, நெஜமாவே எழுதப்போறீங்களா?"

"கவிஞனுக்குக் கட்சி கிடையாது, மதி."

"சோறு மட்டும் உண்டு, இல்ல?"

"மதி!" என்று அக்கா அதட்டினாள். அதட்டலில் வலுவில்லை. கரண்டி என் பக்கம்தான் நீண்டிருந்தது.

"என் நாத்தனார் காலைல போன் பண்ணாங்க. 'உன் ஹாலு போச்சாமே, இனிமே எத வெச்சு சம்பாரிப்ப? பெட்டியக் கட்டிட்டு வந்து சேரு'ன்னாங்க. சிரிச்சிட்டே சொன்னாங்க மாமா." தண்ணீர் டம்ளரை என் முன்னால் வைத்தாள். "எழுதுங்க, கவிஞர் அவர்களே. நல்லா எழுதுங்க."

அவளிடம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. இருந்தாலும் சொல்லமாட்டேன். அவள் முகம் கண்ணாடி டம்ளர். உள்ளே இருப்பது தெருவில் போகிறவனுக்கும் தெரியும். எந்தப் பக்கம் அடிக்கப்போகிறாள் என்று எதிரில் நிற்பவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். மாநிலப் போட்டியில் அவள் தோற்றதே அப்படித்தான். இந்த முகத்தை வைத்துக்கொண்டு சேர்மன் வீட்டு வாசல் வழியாக தினமும் வகுப்புக்குப் போய்வருகிறாள்.

எதற்கு இதை எழுதினேன்? காகிதம் வீண்.

ஜூன் 9, திங்கள்

காபி வரவில்லை.

வீட்டில் உட்கார முடியாமல் பக்கத்து ஊர்ச் சிவன் கோயில் வரை நடந்தேன். பிராகாரச் சுவர் முழுக்கப் பழைய தான சாசனம். குருக்கள் சும்மா இருந்தார், படித்துக் காட்டினார். ராஜாக்கள் நாம் நினைப்பதுபோல அவ்வளவு மட்டிகள் இல்லை. நிலத்தைக் கொடுத்ததோடு நிறுத்தவில்லை. நாளைக்குப் பிடுங்க வருகிறவன் சொந்தப் பேரனாகத்தான் இருப்பான் என்று தெரிந்து, அவனுக்கும் சேர்த்துக் கடைசியில் ஒரு வரி வெட்டி வைத்திருக்கிறார்கள்.

நடை உடம்புக்கு நல்லது. வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 12, வியாழன்

கல் நடும் இடத்தை அளக்க மண்டபத்துக்குப் போனேன். மதி என்னைக் கண்டதும் முதுகைக் காட்டிக்கொண்டு, பிள்ளைகளைக் குதிக்கவைத்தாள். சுவரோரம் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னைக் கேட்டாள்: "சார், இத இடிக்கப் போறாங்களாமே?"

"இதை இடிக்கவே முடியாதும்மா. எந்த மூலையில ஆரம்பிக்கிறதுன்னு இடிக்கிறவனுக்குத் தலைசுத்தல் வந்துடும். ஏற்கெனவே இடிஞ்சது எது, இனிமே இடிக்கவேண்டியது எதுன்னு கமிஷன் வைக்கணும்."

பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். மதி சிரிக்கவில்லை. "குதி, குதி" என்றாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

ஜூன் 14, சனி

வாசகத்தை எடுத்துக்கொண்டு சேர்மன் வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டைப் பற்றித் தனி நூல் எழுதவேண்டும். மண்டபத்தைக் கட்டியவர்கள் இதைப் பார்த்திருந்தால் நாங்கள் எவ்வளவோ தேவலை என்று நிம்மதியாகச் செத்திருப்பார்கள். வாசலில் இரண்டு சிங்கம், இரண்டுக்கும் சேர்மன் முகம்.

கூடத்து மூலையில் அவருடைய அம்மா பட்டம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தது. எண்பதைத் தாண்டிய உடம்பு. தாண்டவராயனின் மருமகள். கண் மங்கல்; காது பாம்புக் காது.

சேர்மன் எழுத்துக்கூட்டிப் படிக்கிற ஆள். தாத்தா பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று விரலால் தடவிப் பார்த்தார்.

"நாப்பது யானை வெச்சுக் கல்லு இழுத்தாருன்னு போட்டுக்கீறியே. நாப்பது போதுமா?"

"அதுக்கு மேல நாவலம்பாக்கத்துல நிக்க இடமில்ல, சேர்மன்."

"அதுவும் கரெக்ட்டு. இங்க இன்னா, 'நீர்வார்த்துக் கொடுத்தேன்'னு கீது? கட்னேன்னு போடு."

"கட்டினவன் மேஸ்திரி. கொடுத்தவன்தான் வள்ளல். உங்க தாத்தா மேஸ்திரியா, வள்ளலா?"

கூட இருந்த இரண்டு பேரையும் பார்த்தார். "வள்ளலுதான்" என்றார்கள் இருவரும், சம்பளம் வாங்குகிறவர்களின் வேகத்தில்.

"வள்ளல்னா எதையாவது கொடுத்திருக்கணும் இல்லையா?"

"ஆமா, அது கீது." கடைசி வரிகளுக்கு விரல் வந்தது. "இது இன்னா, கங்கை, பசுவுன்னு? பால் பண்ணை கணக்கா?"

"ராஜாக்கள் கல்வெட்டு எல்லாம் இப்படித்தான் முடியும். சாதாரண ஆளுங்க கல்லுல இது இருக்காது. வேண்டாம்னா எடுத்துடறேன்."

மூலையிலிருந்து குரல் வந்தது. "இன்னா கங்கை? முழுசாப் படி, கேப்போம்."

படித்தேன். என் குரல் கொஞ்சம் கம்மியது; மாம்பழம் சாப்பிட்டிருந்தேன். பட்டம்மாள் கீரை உருவுவதை நிறுத்தி, என் பக்கம் முகத்தைத் திருப்பியது. கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"இருக்கட்டும்டா ஏகாம்பரம்," என்றது. "ராஜா கல்லுல இருக்கிறது எங்க மாமனார் கல்லுல இருந்தா இன்னா கொறைஞ்சிடும்?"

"அதான. இருக்கட்டும் கவி. எழுத்த இன்னும் பெருசா போடச் சொல்லு."

கீரைத் தண்டு ஒடிகிற சத்தம் மறுபடி தொடங்கியது.

ஜூன் 15, ஞாயிறு

அக்கா இன்று என்னிடம் பேசிய மொத்தப் பேச்சு: "குழம்பு கொதிக்குது." எச்சரித்த மாதிரித் தெரியவில்லை.

ஜூன் 18, புதன்

கல் பட்டறைக்குப் போனேன். பாதிக்குமேல் வெட்டிவிட்டார்கள். பட்டறைக்காரர் உளியை வைத்துவிட்டு என்னைக் கேட்டார்: "கடைசி நாலு வரிய சேர்மன் படிச்சுப் பாத்தாருங்களா?"

"தலையை ஆட்டினார்."

"சரி," என்று உளியை எடுத்தார். "அந்த நாலு வரிய மட்டும் கொஞ்சம் ஆழமா எறக்கிடறேன்."

மூன்று நாளாகச் சரியாகத் தூக்கமில்லை. வெயில்.

ஜூன் 20, வெள்ளி

மதி வலையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். மடித்துச் சாக்கில் கட்டினாள். அப்புறம் ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கினாள். தூசி தட்டி, வாசற்கதவுக்குப் பக்கத்தில் வைத்தாள். திறக்கவில்லை. அக்கா அதைச் சுற்றிச் சுற்றிக் கூட்டினாள், கோலத்தைச் சுற்றுகிற மாதிரி.

நான் பேப்பரில் சினிமாப் பக்கத்தை மதியம் வரை படித்தேன். என்ன படம் என்று கேட்டால் தெரியாது.

ஜூன் 22, ஞாயிறு

விழா!

கூட்டம் என்றால் கூட்டம். பக்கத்து மூன்று மாவட்டங்கள் காலியாகி, அங்கே வீடு வீடாக நாய்கள்தான் பால் வாங்கி வைத்தனவாம். அமைச்சர் உள்ளே நுழைந்து நடுப்படியில் தடுக்கி, மாலைபோட நின்ற ஏழு பேர் மேல் விழுந்தார். ஏழு பேரும் அதைத் தங்கள் வாழ்நாள் பாக்கியம் என்றார்கள். வரவேற்புரை ஆற்றியவர் மண்டபத்தைத் தாஜ்மகாலோடு ஒப்பிட்டார். ஷாஜகான் இதைக் கேட்டிருந்தால் மும்தாஜை எரித்திருப்பான்.

அப்புறம் எல்லோரும் வாசலுக்கு வந்தார்கள். சேர்மன் திரையை இழுத்தார். ஆள் உயரக் கருங்கல். மைக் என் கைக்கு வந்தது. நாற்காலி வரிசையில் பட்டம்மாள் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தது. மதி வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடைசியில், செக்கு உலக்கைத் தூண் பக்கத்தில், கைகட்டி நின்றிருந்தாள்.

படித்தேன்:

"ஸ்வஸ்திஸ்ரீ. நாவலம்பாக்கத்துத் தாண்டவராயனேன், நாற்பது யானை கட்டிக் கல்லிழுத்து எழுப்பின இம்மண்டபமும் இது நின்ற மண்ணும், இவ்வூரார் கூடவும் கற்கவும் இவ்வூர்ப் பெண்மக்கள் ஆடவும் என்று, நீர்வார்த்துக் கொடுத்தேன்."

கைதட்டல். சேர்மன் நாலாபுறமும் கும்பிட்டார்.

"சந்திரனும் சூரியனும் உள்ளவரை இது ஊரார்க்கே. என் மக்களும் மக்கள் மக்களும் இதில் ஒரு செங்கல்லும் தமதென்னார்."

கும்பிட்ட கை பாதியில் நின்றது. சேர்மன் கல்லைப் பார்த்தார். முதல் தடவையாகப் பொருளோடு படித்தார் என்று நினைக்கிறேன். உதடு அசைந்தது.

"இதற்கு அழிவு செய்தானும், இதில் ஒரு செங்கல் பெயர்த்தானும், கங்கைக் கரையிலே காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போகக்கடவன். இதைக் காத்தான் பாதம் என் தலைமேலது."

மைக்கின் கொய்ங் சத்தம் மட்டும். ஊரே வாயைப் பிளந்து கல்லைப் பார்த்தது. சேர்மன் வாயைத் திறந்தார். எதைச் சொல்வார்? என் தாத்தா கொடுக்கவில்லை என்றா? வள்ளல் இல்லை என்றா? அமைச்சரை வைத்துக்கொண்டு?

அவர் ஒரு முடிவுக்கு வருவதற்குள் பட்டம்மாள் எழுந்துவிட்டது. "எங்க மாமனாரே!" என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, தட்டுத்தடுமாறி நடந்து, கல்லில் நெற்றியை வைத்தது. அவ்வளவுதான், பெண்கள் கூட்டத்தில் பாதி அழுதது. மீதி குலவை போட்டது.

அமைச்சருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கூட்டம் அழுதால் என்ன செய்யவேண்டும் என்று தெரியும். என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். "தாத்தா கொடுத்த தர்மத்தைப் பேரன் உயிரைக் கொடுத்துக் காப்பார்! இந்தக் கல்லின் மேல் கைவைத்து இப்போதே சத்தியம் செய்வார்!" என்று சேர்மனின் கையைப் பிடித்துக் கல்லில் அழுத்தினார். எல்லா செல்போனும் படம் பிடித்தன.

எனக்குப் பொன்னாடை போர்த்த வேண்டியது பாக்கி. சேர்மனே போர்த்தினார். கழுத்தில் இரண்டு சுற்று, கொஞ்சம் இறுக்கி. காதோடு, "இன்னா வேல பண்ணிட்ட கவி" என்றார்.

"நான் இல்ல சேர்மன். உங்க தாத்தா."

கூட்டம் கலைந்தபோது பட்டம்மாள் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டது. குனிந்தேன்.

"எங்க மாமனாரு எச்சக் கையால காக்கா ஓட்டுனவரு இல்ல. மணலுக்கு அடியில வக்கலு வெச்ச ஆளு. எனக்கா தெரியாது?" நெற்றியில் கல் தூசி அப்பியிருந்தது. "உசுரோட இருக்கச்சொல்ல ஒண்ணும் குடுக்கல. செத்தப்புறமாச்சும் குடுக்கட்டும், போ."

வீட்டுக்கு வந்தால் வாசற்கதவுப் பக்கம் காலியாக இருந்தது. பெட்டி பரணில் ஏறிவிட்டது. மதி காபி டம்ளரை நீட்டினாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல மாமா?"

"என்னத்தைச் சொல்றது? பொன்னாடைக்கு ஆசைப்பட்டுப் போனேன். பழைய பாணியில எழுதினா நாலு வரி அதிகம் வரும்னு எழுதினேன்."

"சரி, அப்டியே இருக்கட்டும். ஆனா நாப்பது யானை ரொம்ப ஓவர்."

"முப்பத்தொன்பதுன்னு போட்டா எவன் நம்புவான்?"

காபியில் சர்க்கரை ஜாஸ்தி. அக்கா கை. 

ஜூன் 23, திங்கள்

காலையில் சேர்மன் வந்தார். தனியாக. ஆட்டோவில். என்னை அடிக்க வந்திருக்கிறார் என்று அக்கா தோசைத் திருப்பியோடு வெளியே வந்து நின்றாள்.

"கவி, உள்ளதச் சொல்லு. அந்தப் பசு மேட்டரு பலிக்குமா?"

"சட்டப்படி அந்தக் கல்லு காலணா பெறாது, சேர்மன்."

"சட்டத்த வுடு. அதுக்கு வக்கீல் வெச்சு அடிச்சிக்கலாம். பசுவுக்கு எந்த வக்கீல வெக்கிறது?"

நான் ஒரு பெருமூச்சு விட்டேன். என் வாழ்நாளின் சிறந்த பெருமூச்சு அது. ஜன்னல் திரை ஆடியது.

"எங்கம்மா நேத்துலருந்து சோறு துன்னல. ஒரு செங்கல் எடுத்தாலும் நான் போய்ச் சேர்ந்துடுவேன்னுது. அமைச்சர் ஆபீஸ்லருந்து போன் வேற, அந்த சத்தியம் சூப்பர், பேப்பர்ல போடறோம்னு. எவனாச்சும் இந்த மாதிரிக் கல்ல மீறி இன்னாவாச்சும் ஆயிருக்கா?"

"ஒருத்தன் இருந்தான். கோயில் மதில்ல ஒரே ஒரு செங்கல் எடுத்தான். அடுப்புக்கு. அன்னிலேருந்து அவன் வீட்டுல பால் பொங்கல. அவன் பிள்ளைங்க 'அப்பா'ன்னு கூப்பிடப்போனா 'அம்மா'ன்னு மாடு கத்துற மாதிரிதான் வரும்."

சேர்மன் எழுந்துவிட்டார். மால் பஸ் ஸ்டாண்டு பக்கம் வேறு இடத்தில் வருமாம். "அந்தப் பொண்ணு பந்து ஆடட்டும்," என்றார். ஆட்டோ ஏறும்போது தெருவில் நின்ற மாட்டைப் பார்த்துக் கும்பிட்டதை நான் பார்த்தேன். மாடு பார்க்கவில்லை. அதற்கும் தராதரம் உண்டு.

ஜூன் 26, வியாழன்

நாவலம்பாக்கத்தின் யோக்கியதை இன்று தெருவுக்கு வந்துவிட்டது.

மாட்டுக் கதை எப்படியோ ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. காலையில் போய்ப் பார்த்தால் மண்டபத்து வாசலில் மலை! நூறு வருஷமாக மண்டபத்திலிருந்து யார் யார் எதை எதைச் சுருட்டினார்களோ எல்லாம் திரும்பிவந்து குவிந்திருக்கிறது. தேக்கு நாற்காலிகள். ஜன்னல் கதவுகள். பித்தளைக் கைப்பிடிகள். கடிகார கோபுரத்தின் பெரிய முள்ளை ஒரு மாஜி தலைமையாசிரியர் முப்பது வருஷமாக முதுகு சொறிய வைத்திருந்தாராம். கண்ணீரோடு கொண்டுவந்து வைத்தார். ஒரு குடும்பம் மாடிப்படியையே முழுதாகத் தூக்கிவந்தது. இப்போது அவர்கள் வீட்டு மாடியில் தாத்தா மாட்டிக்கொண்டிருக்கிறார். வந்த சாமானை எல்லாம் உள்ளே வைத்தால் மண்டபத்துக்கு இடம் போதாது, பக்கத்தில் இன்னொரு மண்டபம் கட்டவேண்டும் என்கிறார்கள். கட்டட்டும். கீழத்தெரு ஒரு பக்கம், மேலத்தெரு ஒரு பக்கம்.

ஜூன் 28, சனி

மதியின் வகுப்பு மறுபடி தொடங்கிவிட்டது. அவளுடைய நாத்தனார் போன் செய்தாளாம். மதி எடுக்கவில்லை. புள்ளி எண்ண ஆள் இல்லை என்று என்னைப் பிடித்து உட்காரவைத்தாள். நான் இரு பக்கத்துக்கும் தாராளமாக வழங்கினேன். "மாமா, இது கல்வெட்டு இல்ல" என்று எழுப்பிவிட்டாள்.

இத்துடன் நிறுத்துகிறேன். பர்மாப் புலி பொய். கவர்னர் விழுந்ததும் பொய். கடிகார முள்ளும் மாடிப்படியும் சுத்தப் பொய். சேர்மன் சமாசாரத்தில் எவ்வளவு பொய் என்பதை மாட்டைக் கும்பிடுகிற நேரம் போக மீதி நேரத்தில் அவரே கணக்குப் பார்த்துக்கொள்ளட்டும். வியாழக்கிழமை மண்டபத்து வாசலில் மலையும் இல்லை, மடுவும் இல்லை.

ஒரு செங்கல் இருந்தது. ஒன்றே ஒன்று. பழைய காலத்துப் பெரிய செங்கல், கழுவி மஞ்சள் தடவி, சுவரோரமாக வைத்திருந்தது. அது மட்டும் மெய்.

"யார் வெச்சிருப்பாங்க மாமா?" என்றாள் மதி.

"எவனோ பயந்தாங்கொள்ளி," என்றேன்.

அவள் அதை எடுத்து வலைக் கம்பத்துக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள். கம்பம் அசையவில்லை. அன்றிலிருந்து என் கட்டில்தான் ஒரு கால் தாழ்ந்து ஆடுகிறது என்று அக்கா குறைப்பட்டுக்கொள்கிறாள். பழைய கட்டில். ஆடத்தான் செய்யும்.